இருபது மீட்டர் குறைவு

என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தங்கச்சியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு, காப்பித் தட்டோடு வந்து நடுவீட்டில் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, "நல்லாருக்கியாம்மா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் வருவதற்குள் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, கடல்ல போனா வாந்தி வருமா?"

"வராது அத்தை."

"நெசத்தச் சொல்லணும்."

"கொஞ்சமா வரும்."

"மோட்டார் சைக்கிள் என்ன வேகத்துல ஓட்டுவ?"

"நாப்பது."

"நாப்பதத் தாண்டுனதே இல்லியா?"

"ஒருக்க தாண்டியிருக்கேன். பாலத்து இறக்கத்துல. அன்னைக்கு பிரேக்கு சரியில்ல."

அம்மாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்துக் கடை ஏறி இறங்கிக் கடைசியில் தேடிய சாமான் கிடைத்துவிட்டவர்களின் பார்வை அது. பிறகு அந்த அம்மா என் இரண்டு கைகளையும் வாங்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கயிற்றுக் கடைக்காரன். கை காய்த்துப்போய்தான் இருக்கும். "போதும்லே" என்று மகனிடம் சொன்னார். "இவன் சரியான பயந்தாங்கொள்ளி. நல்ல எடம்."

மகன் அதுவரை மிக்சர் தின்றுகொண்டிருந்தார். தட்டு காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு அதையே ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

அவர்கள் போனபிறகு தங்கச்சி சேலையைக்கூட மாற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, அந்த மனுசன் கட்டிக்கப் போறது என்னையா, ஒன்னையா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

மாப்பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டேன். தங்கச்சி புருஷன், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும். ஆள் முக்குளிப்பவர். சங்கு குளிக்கப் போய்த் தொழில் பழகி, பிறகு துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் பாசி சுரண்டுவது, விசிறியில் சிக்கிய வலையை அறுத்து எடுப்பது என்று வேலைக்குப் போனார். அங்கேயும் நிற்கவில்லை. வெளியூர் போய் ஸ்கூபாவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் தலையில் ஒரு நம்பரும் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்களிடம் அவர் சொன்ன கணக்குப்படி நூற்றறுபது மீட்டர். நம் நாட்டில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இத்தனை ஆழம் யாரும் போனதில்லை, நான் போய்க் காட்டுகிறேன் என்றார். யாரும் போகவில்லை என்பது அவர் சொன்னதுதான். நான் இறங்கிப் பார்க்கவில்லை.

ரயிலுக்கு முத்து நகர் என்று பெயர் வைத்திருக்கும் ஊர் எங்கள் ஊர். முத்துதான் இல்லை. இப்போது கடலுக்கு அடியில் போகிறவன் சங்குக்குப் போவான், இல்லாவிட்டால் சம்பளத்துக்குப் போவான். ஆழத்துக்காகவே ஆழத்துக்குப் போக நினைத்த ஆள், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.

அவருடைய அம்மா கருவாட்டு வியாபாரம் செய்பவர். மகன் சொன்னதைக் கேட்டு அழவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "போ. ஆனா ஒன் கயித்த மச்சான்தான் புடிக்கணும்." முத்துக் குளித்த காலத்தில் அதுதான் வழக்கம். உள்ளே போகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் அண்ணனாகவோ தம்பியாகவோ இருக்க வேண்டும். கூடப்பிறந்தவன்கூடச் சொத்து ஆசையில் கையை விட்டுவிடலாம். ஆனால் தன் தங்கச்சி தாலியறுக்க எவனும் விட மாட்டான். இந்த ஏற்பாட்டை யோசித்துச் சொன்னவன் குடும்பங்களை நன்றாகத் தெரிந்தவன்.

சிக்கல் என்னவென்றால் அவருக்கு மச்சான் இல்லை. முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதுவரை கல்யாணப் பேச்சு எடுத்தாலே சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், அம்மா போட்ட நிபந்தனையைக் கேட்ட மறுவாரமே பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டுக்கு முன்னால் மூன்று வீடு பார்த்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் அண்ணன் கப்பலில் வேலை, ஊரிலேயே இருக்க மாட்டான். இன்னொரு வீட்டில் தம்பி குடிப்பான். மூன்றாவது வீட்டில் அண்ணன் பெரிய வீரன், தண்ணீரில் எதற்கும் அஞ்சாதவன். "வீரன வச்சு நான் என்ன செய்ய?" என்று அந்த அம்மா எழுந்து வந்துவிட்டாராம். நான்காவதாக நான் கிடைத்தேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது மூன்று முடிச்சு போட்டார். எல்லாரும் பூவை அள்ளிப் போட்டாயிற்று. குனிந்திருந்த தங்கச்சி நிமிரப் போனாள். "பொறு" என்று சொல்லி நாலாவதாக ஒரு முடிச்சு போட்டார். சாமியார் இருமினார். நான் தொழில்காரன் என்பதால் சொல்கிறேன், அந்த நாலாவது முடிச்சுதான் நல்ல முடிச்சு.

மாப்பிள்ளைக்குப் போதும் என்கிற இடம் கிடையாது. பரோட்டாக் கடையில் கல்லைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, "மாஸ்டர், இன்னும் ஒண்ணு" என்பார். ஒருநாள் துறைமுகத்தில் ஒரு கப்பலின் அடியைச் சுரண்டச் சொல்லி அனுப்பினார்கள். அவர் அதை முடித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற கப்பலையும் கொஞ்சம் சுரண்டிவிட்டு வந்தார். அந்தக் கப்பல்காரனுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

ஒருமுறை என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வேம்பாருக்கு ஒரு துக்க வீட்டுக்குப் போனார். திரும்பும்போது பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. பங்க் வந்தது. "போடுங்க மாப்ளே" என்றேன். "இன்னும் கொஞ்சம் போகும் மச்சான்" என்றார். கொஞ்சம்தான் போயிற்று. உச்சி வெயிலில், இரண்டு பக்கமும் உப்பளம் கண்ணைக் குத்த, நானும் அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அவர் வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். "இப்பப் பாரும், இந்த வண்டி எவ்வளவு தூரம் போகும்னு நமக்குத் தெரிஞ்சிட்டுல்லா." எனக்கு அப்போது அவரை உப்போடு சேர்த்துப் புதைக்கலாம் போலிருந்தது. ஆனால் அவரோடு இருக்கும்போது நேரம் போவது தெரியாது. என் நாற்பது கிலோமீட்டர் வாழ்க்கையில் அவர் வந்த பிறகுதான் சொல்லிச் சிரிக்க நாலு சங்கதி சேர்ந்தது.

என் தங்கச்சி கெட்டிக்காரி. இரண்டே மாதத்தில் ஆளை அளந்துவிட்டாள். எட்டு இட்லி அவித்து வைத்துக்கொண்டு ஆறுதான் இருக்கிறது என்பாள். அவர் ஆறையும் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு இருக்கா?" என்பார். இல்லவே இல்லை என்று கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு இரண்டை எடுத்து வைப்பாள். கணக்கு சரியாக இருக்கும். குடும்பம் நல்லபடியாக நடந்தது.

கல்யாணமான ஏழாம் மாதம், ஆழம் போவதற்கு நாள் குறித்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு ட்ரெய்னரும் துணைக்கு இரண்டு டைவர்களும் வந்து இறங்கினார்கள். ட்ரெய்னர் அதிகம் பேசாத ஆள், லேப்டாப்பும் கையுமாக இருப்பார். அவர்தான் எனக்குப் புரியும்படி சொன்னார். கடலுக்குள் இரும்பு எடை கட்டிய ஒரு கயிறு நேராகத் தொங்கும். அதைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும். இறங்கக் கால் மணி நேரம் போதும். ஏற ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சும்மா ஜிவ்வென்று ஏறிவந்தால் உடம்புக்குள் கரைந்திருக்கும் காற்று சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்கி ஆளைக் கொன்றுவிடும். அதனால் கொஞ்சம் ஏறி நின்று, கொஞ்சம் ஏறி நின்று வரவேண்டும். அதற்கான சிலிண்டர்களைக் கயிற்றிலேயே அங்கங்கே கட்டிவைத்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் ஆழம் என்று கணக்கை மீறி இறங்கினால், ஏறி வரும்போது காற்று காணாது.

"அப்போ நான் கயித்தப் புடிச்சு என்ன செய்யணும் சார்?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். கயிறு மிதவையில கட்டியிருக்கும்" என்றார் ட்ரெய்னர்.

"அவன் புடிப்பான்" என்றார் கருவாட்டு அம்மா. ட்ரெய்னர் லேப்டாப்பைத் திறந்துகொண்டார்.

கயிறு எங்கள் கடையில்தான் எடுப்பது என்று ஆயிற்று. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிற கடை. எங்களிடம் வருகிறவர்கள் இன்றைக்கும் பாகக் கணக்கில்தான் கேட்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் இந்த விரல்நுனி முதல் அந்த விரல்நுனி வரை ஒரு பாகம். எனக்குக் கை கொஞ்சம் நீளம். பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கேலி வாங்கினேன், கடையில் அதனால் பெயர் வாங்கினேன். மற்றக் கடைகளைவிட எங்கள் பாகம் நாலு விரற்கடை கூடுதல் என்று படகுக்காரர்கள் தேடி வருவார்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடைக் கயிறு குறைந்தது என்று ஒருவன் திரும்பி வந்ததில்லை. இந்தக் குடும்பத்துக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் உண்டு.

ட்ரெய்னர் டேப்போடு வந்தார். மச்சான் கை அளந்தால் போதும் என்று அத்தை குறுக்கே நின்றார். ட்ரெய்னரும் விட்டுவிட்டார். எத்தனை ஆழம் போனார் என்பதற்கு மாப்பிள்ளை கையில் கட்டுகிற கம்ப்யூட்டர்தான் சாட்சி, கயிறு வெறும் வழி காட்டத்தான், நூற்றறுபதுக்குக் குறையாமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தங்கச்சி கடைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம். ஸ்டூலில் உட்கார்ந்து, சுருட்டி வைத்திருந்த கயிற்றையே பார்த்தாள். வெள்ளை நைலான் கயிறு, பெருவிரல் தடிமன்.

"இதுவா?"

"இதுதான்."

"முழுசா நூத்தறுவதா?"

"நூத்தறுவது."

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். "ரொம்ப நீளமா இருக்குண்ணே" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

ஆறு இட்லிக்கு எட்டு தின்கிறவர் நூற்றறுபதுக்கு எத்தனை போவார் என்று எனக்கும் கணக்குத் தெரியும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கயிற்றை விரித்து மறுபடி அளந்தேன். நூற்றைம்பதில் நிறுத்தி வெட்டினேன். அப்பா படம் சுவரில் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெட்டியது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சிலிண்டர்கள், அந்த ஆறு மணி நேரம், தங்கச்சியின் வயிறு எல்லாம் ஞாபகம் வந்தது. மறுபடி பத்து மீட்டர் வெட்டினேன். எங்கள் கடையில் குறைவாக அளந்து கொடுத்த கயிறு அது ஒன்றுதான், அதையும் சொந்தத் தங்கச்சி புருஷனுக்குத்தான் கொடுத்தேன்.

அடி நுனியில் நூற்றறுபது என்று எழுதிய அட்டையைக் கட்டினேன். அதைப் பிய்த்துக்கொண்டு வருவது அவர்கள் ஏற்பாடு.

விடியும்போதே படகு கிளம்பியது. ஆழம் வருவதற்குள் நான் மூன்று தடவை வாந்தி எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் வரும் மச்சான், எடுத்துரும்" என்றார். அதிலும் அவருக்கு இன்னும் கொஞ்சம்தான்.

எடையை இறக்கினார்கள், சிலிண்டர்களைக் கட்டினார்கள். மாப்பிள்ளை முதுகிலும் பக்கத்திலுமாக ஐந்தாறு சிலிண்டரைச் சுமந்துகொண்டு, கேஸ் ஏஜென்சி வண்டி மாதிரி படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு சலாம் வைத்தார். அப்படியே மல்லாக்கக் கடலில் விழுந்தார். கொஞ்ச நேரம் குமிழி வந்தது, பிறகு அதுவும் இல்லை.

நான் கயிற்றைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. அவர் கயிறு முடிகிற இடத்துக்குப் போவார். கம்ப்யூட்டரைப் பார்ப்பார். நூற்று நாற்பதுதான் காட்டும். நூற்றறுபதுக்கு இன்னும் இருபது இருக்கிறது. இன்னும் கொஞ்சம் என்கிற ஆள் அங்கே என்ன செய்வார்? கயிற்றை விட்டுவிட்டு இறங்கிவிடுவார். கயிறு நீளமாக இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது போய்த் திரும்பியிருப்பார். இப்போது அந்த இருட்டில் பிடிக்க ஒன்றுமே இல்லாமல் போவார், திரும்பி வரக் கயிறு கண்ணில் படாது. காப்பாற்றுகிறேன் என்று நானே கொன்றுவிட்டேன். தங்கச்சியிடம் என்னவென்று சொல்வேன் என்று நினைத்ததும் கண்ணில் நீர் கொட்டியது. ட்ரெய்னர் நான் மறுபடி வாந்தி எடுக்கப்போகிறேன் என்று நினைத்து வாளியை நகர்த்தி வைத்தார்.

கால் மணி ஆயிற்று. துணை டைவர் ஒருவர் இறங்கிப் போனார், பாதி வழியில் மாப்பிள்ளையைச் சந்திக்க வேண்டும். நான் கயிற்றை இறுக்கி இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை தோல் உரிந்தது. கடலில் நம் இஷ்டத்துக்கு எதுவும் சீக்கிரம் நடக்காது. ஒருவழியாகத் துணை டைவரின் தலை மேலே வந்தது. கையில் ஸ்லேட்டு. தண்ணீருக்குள் பென்சிலால் எழுதுகிற பிளாஸ்டிக் பலகை அது. ட்ரெய்னர் வாங்கிப் படித்தார், முகம் சுருங்கியது. பிறகு என்னிடம் நீட்டினார். மாப்பிள்ளையின் கோழிக் கிறுக்கல் எழுத்து.

'141. கயிறு முடிஞ்சிட்டு. அளந்தது நான்தான். மச்சானை ஒண்ணும் சொல்லாதீக.'

நான் படகின் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ட்ரெய்னர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நீளமான கைகளைப் பார்த்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நல்ல மனுஷர்.

அதற்குப் பிறகு ஆறரை மணி நேரம் மாப்பிள்ளை கயிற்றில் ஏறி ஏறி நின்றார். ஐந்து நிமிஷம் டீக்கு நிற்க மாட்டாதவர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு நின்றார். ஸ்லேட்டு மேலும் கீழும் போய் வந்தது. ஒருமுறை 'பசிக்குது' என்று வந்தது. ஒருமுறை 'மச்சான் கயித்த விட்டுட்டுச் சாப்பிடட்டும்' என்று வந்தது. நான் விடவில்லை. கடைசி நிறுத்தத்தில் அட்டவணைப்படி நேரம் முடிந்த பிறகும், ட்ரெய்னர் இன்னும் பத்து நிமிஷம் நிற்கச் சொல்லி எழுதி அனுப்பினார். 'இன்னும் கொஞ்சம்னாலும் நிப்பேன்' என்று பதில் வந்தது.

சாதனை என்று பதிய ஒன்றுமில்லை. ட்ரெய்னர் லேப்டாப்பை மூடிவிட்டார். கரையில் அத்தை ஜெபமாலையோடு நின்றிருந்தார். மகன் நடந்து வருவதை ஒரு பார்வை பார்த்தார், ஆழம் எத்தனை என்று கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்து, பெண் பார்த்த அன்று பார்த்த மாதிரியே கைகளைத் திருப்பிப் பார்த்தார். தோல் போய் ரத்தம் கட்டியிருந்தது. "நல்லாப் புடிச்சிருக்கான்" என்றார்.

வெட்டிய இருபது மீட்டரைத் தங்கச்சி வாங்கிக்கொண்டு போய், இரண்டு துண்டையும் சேர்த்து முடிந்து வீட்டுக்குப் பின்னால் கொடி கட்டிவிட்டாள். நல்ல கயிறு, ஏன் வீணாக்க வேண்டும் என்றாள். ஒரு வாரம் கழித்து நான் போனபோது மாப்பிள்ளை அதன் கீழே கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நல்ல கொடி மச்சான்" என்றார். "அளந்து பாத்தேன். சரியா இருவது."

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு வேண்டியது நூத்தம்பதுதான்வே."

"நூத்தறுவதுன்னுல்லா சொன்னீங்க?"

"சொன்னேன். பயந்த ஆள்னு பாத்துத்தானே ஒம்ம எடுத்தோம். எப்படியும் பத்து கொறைப்பீருன்னு தெரியும். அதனால பத்து சேத்துச் சொன்னேன். நீரு இருவதக் கொறைச்சிட்டீரே."

"பத்து ஒங்களுக்கு. பத்து எனக்கு" என்றேன்.

அவர் கட்டிலே ஆடும்படி சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு கேட்டேன். "கயிறு முடிஞ்சதும் ஏன் இறங்கல? இன்னும் பத்து மீட்டருதான."

"காத்து இருந்து. கணக்கும் சரியா இருந்து. ஒரு நிமிசங்கூட ஆகாது." விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். "ஆனா கயிறு முடிஞ்சிட்டுல்லா. அதுக்குக் கீழ நீரு இல்லியே."

என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. நான் கொடிமுடிச்சை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அடுத்த தடவ எத்தனைன்னு சொன்னா நீரு நூத்தம்பது விடுவீரு?"

அடுத்த தடவை வரவில்லை. பெண் குழந்தை பிறந்தது, கொடி முழுக்கக் குட்டித் துணியாயிற்று. பிறகு கத்தாரில் எண்ணெய்க் கிணற்று மேடையில் டைவர் வேலை கிடைத்துப் போனார். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றார். முடிந்ததும் இன்னும் ஒரு வருஷம் என்றார். அது முடிந்ததும் மறுபடி இன்னும் ஒரு வருஷம். இப்போது ஏழாவது வருஷம் நடக்கிறது. இடையில் இரண்டு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனார். அங்கே எவன் கயிற்றைப் பிடிக்கிறான் என்று எனக்குத் தெரியாது. எவனாக இருந்தாலும் அவனுக்கு இவர் மாப்பிள்ளை இல்லை. அதை நினைத்தால் சில நாள் சோறு இறங்குவதில்லை.

மகளுக்கு ஒன்பது வயது. கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகிறாள். அப்பா வராவிட்டால் வெள்ளை கவுன் போட மாட்டேன் என்று சாதிக்கிறாள். அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. "நீ சொல்லுண்ணே. நான் சொன்னா அப்படியே நம்பிக் கடைசி நாளுக்கு வருவாரு" என்று தங்கச்சி போனை என் கையில் கொடுத்தாள்.

"மாப்ளே, புதுநன்மை அடுத்த மாசம் வச்சிருக்காங்க" என்றேன்.

அந்தப் பக்கம் மாதங்களை எண்ணி முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "அடுத்த மாசம்னா சொல்லுதீரு?" என்றார். "அப்போ ரெண்டு மாசத்துல வந்தா சரியா இருக்கும். டிக்கெட் போட்டுருதேன்."

போனை வைத்துவிட்டுத் தங்கச்சியிடம் விளக்கினேன். நான் பாதிதான் குறைப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிட்டேன், அதனால் முழுசாக ஒரு மாதம் முன்னாலேயே வந்து நிற்பார் என்று பெருமையோடு சொன்னேன். அவள் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏண்ணே, இன்னும் கொஞ்சம் கொறைச்சுச் சொல்லியிருக்கப்படாதா?"